சொற்களால் கட்டப்படும் கடை: வணிக அகப்பக்கத்தைத் திட்டமிடுதலும் அமைத்தலும்

முன்னுரை

ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் வழியே நடப்போர், 1911ஆம் ஆண்டில் தோன்றிய அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்தையும், அதனைச் சூழ்ந்துள்ள பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் துணிக்கடைகளையும் காண்பர். பெயர்ப்பலகைகளில் தேசிய மொழி முதலிடம் பெற, அருகே தமிழும் இடம் பெற்றிருக்கும். கடைக்குள் நடக்கும் பேச்சிலும் தமிழ் ஒலிக்கும். ஆனால் நம் வணிகர்களின் கடைகளைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தால் நிலைமை வேறாக உள்ளது. அகப்பக்கம் இல்லாத கடைகள் பல. அகப்பக்கம் உள்ள கடைகளிலும் தமிழ் பெரும்பாலும் சின்னத்தில் பொறித்த பெயரோடு நின்றுவிடுகிறது. விலை, நிபந்தனை, திறந்திருக்கும் நேரம் ஆகியவை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன.

இதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை அன்று. எழுதித் தருவோர் இல்லாமையே காரணம். அகப்பக்கம் அமைப்பது முற்றிலும் கணினி வல்லுநரின் வேலை என்று நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில் அவ்வேலையின் பெரும்பகுதி, வாடிக்கையாளர் எதைக் கேட்பார் என்று முன்கூட்டி எண்ணி, அதற்குரிய விடையைத் தெளிவாக எழுதி, உரிய இடத்தில் வைப்பதாகும். அது மொழிப்பணி. ஆகவே, தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் நேரடியான பங்கு உண்டு. அப்பங்கு யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கம் வெறும் கோட்பாடாக நின்றுவிடாதிருக்க, ஓர் எடுத்துக்காட்டை உடன் கொண்டு செல்வோம். கோயிலருகே மாலை கட்டி விற்கும் ஒரு சிறு பூக்கடை. நடத்துபவர் ஒருவர், உதவியாளர் இருவர். திருமணக் காலத்திலும் தீபாவளி, தைப்பொங்கல், தைப்பூசம் ஆகிய நாள்களிலும் வேலை மிகுதி. இக்கடைக்கு ஓர் அகப்பக்கம் அமைக்க வேண்டும் எனக் கொள்வோம்.

1. தடை நீங்கிய வரலாறு

இணையத்தில் தமிழை எழுதுவது உண்மையிலேயே இயலாதிருந்த காலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறிமுறையைக் கொண்டிருந்தது. ஒருவர் தட்டச்சு செய்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொருவரின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. அந்நிலையில் வணிகர் ஒருவர் தம் விலைப்பட்டியலைத் தமிழில் வெளியிட்டிருந்தால், வாடிக்கையாளருள் பெரும்பாலோர் அதைப் படித்திருக்க இயலாது.

அத்தடையை நீக்கியதில் நம் வட்டாரத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளின் வழியாகத் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தார். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சித் துறையில் விரிவுரையாளராகப் பணியாற்றியவருமான நா. கோவிந்தசாமி, தமிழை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் முன்னோடியாக விளங்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய அகப்பக்கம் வெளியானபோது, அதில் தமிழும் இடம்பெற அவருடைய உழைப்பு துணைநின்றது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 2001இல் அதே வரிசை மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுக் குறிமுறை வகுத்த ஒருங்குறி, 1991இல் வெளியான தன் முதற்பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தது. கணினிகளும் கைப்பேசிகளும் அதை ஏற்றுக்கொண்ட பின், தனி எழுத்துருச் சிக்கல் பெரிதும் நீங்கிற்று.

இவ்வரலாற்றை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தலைமுறையினர் உழைத்துத் தடையை நீக்கிவிட்டனர். இன்று ஒரு பூக்கடையின் அகப்பக்கத்தில் தமிழ் இல்லையெனில், எழுத்துருவையோ கணினியையோ குறை கூற இயலாது.

2. திட்டமிடல்: வினாக்களைத் தொகுத்தல்

அகப்பக்கம் அமைக்க விரும்புவோர் பலர், நிறம் எது, படம் எது என்பதிலிருந்து தொடங்குகின்றனர். இது வீட்டுக்கு அடித்தளம் இடுமுன் திரைச்சீலை வாங்குவது போன்றதாகும். முதலில் விடை காண வேண்டிய வினா ஒன்றே: இப்பக்கத்தைப் படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்? பூக்கடைக்கு இதன் விடை எளிது. விழா நாளையும் வேண்டிய மாலையையும் குறிப்பிட்டுக் கடைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எல்லாப் பக்கங்களும் இந்த ஒரு செயலை நோக்கி அமைய வேண்டும்.

அடுத்து, வாடிக்கையாளரின் வினாக்களைத் தொகுக்க வேண்டும். கடையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, இரண்டு வாரங்களுக்கு நேரிலும் தொலைபேசியிலும் புலனத்திலும் வரும் வினாக்கள் அனைத்தையும் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி வைத்தல் நன்று. பூக்கடையின் குறிப்பேட்டில் இத்தகைய வினாக்கள் இருக்கும்: கல்யாண மாலை ஓர் இணை என்ன விலை? ரோஜா மட்டும் வைத்துக் கட்டுவீர்களா? எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? மாசாய்க்குக் கொண்டுவந்து தருவீர்களா? முன்பணம் எவ்வளவு? விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறந்திருக்குமா? சிங்கப்பூரிலிருந்து எப்படிப் பணம் செலுத்துவது?

தொகுத்த வினாக்களை மூவகையாகப் பிரிக்கலாம். வாங்குவதா வேண்டாவா என்று முடிவு செய்யுமுன் கேட்பவை முதல் வகை: விலை, வகை, தரம். முன்பதிவு செய்யும்போது கேட்பவை இரண்டாம் வகை: நாள், முன்பணம், செலுத்தும் முறை. முன்பதிவுக்குப் பின் கேட்பவை மூன்றாம் வகை: எங்கே பெறுவது, விழா நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது. ஒரே வினா இரண்டு வாரத்தில் பலமுறை வந்திருந்தால், அதன் விடை முகப்பிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் வந்த வினாவுக்கு அகப்பக்கத்தில் இடம் தேவையில்லாமலும் போகலாம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். முகநூல் பக்கமும் புலன எண்ணும் இருக்கையில் அகப்பக்கம் எதற்கு? முகநூல் என்பது பிறர் மனையில் இட்ட கடை. அங்கு நேற்று இட்ட விலைப்பட்டியல் இன்று கீழே இறங்கி மறைந்துவிடும். கணக்கு முடக்கப்பட்டால் பல ஆண்டுத் தொடர்புகளும் உடன் போகும். புலனத்திலோ ஒரே விடையை நூறு பேருக்கு நூறு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அகப்பக்கம் நம் பெயரில் உள்ள மனை. மாறாத விடைகளை அங்கு வைத்து, உரையாடலுக்குப் புலனத்தையும் அறிவிப்புக்கு முகநூலையும் பயன்படுத்துவதே பொருத்தமான முறை.

3. பக்கங்களின் அமைப்பு

வினாக்களின் வகைப்பாட்டிலிருந்தே பக்கங்கள் பிறக்கின்றன. சிறு கடைக்கு ஐந்து பக்கங்கள் போதும்: முகப்பு, மாலை வகைகளும் விலையும், முன்பதிவு முறை, கடையைப் பற்றி, தொடர்பு. இவற்றை முதலில் ஐந்து தாள்களில் எழுதி மேசைமேல் பரப்பிப் பார்க்க வேண்டும். எந்தத் தாளிலிருந்து எந்தத் தாளுக்குச் செல்ல வேண்டும் என்று அம்புக்குறி இட வேண்டும். தாளில் திருத்துவதற்குச் செலவு இல்லை. கட்டி முடித்த பின் திருத்துவதற்கு நேரமும் பணமும் செலவாகும்.

முகப்பில், கைப்பேசித் திரையை நகர்த்துமுன்பே நான்கு செய்திகள் தெரிய வேண்டும். கடை எது, என்ன விற்கிறது, எங்கே உள்ளது, எவ்வாறு தொடர்புகொள்வது என்பனவே அவை. வரவேற்புரை, நிறுவனரின் வாழ்த்து, நகரும் படங்கள் ஆகியவை இவற்றைக் கீழே தள்ளிவிடக் கூடாது.

மொழியைப் பொறுத்தவரை, ஜொகூரில் நம் வணிகர்க்கு மூன்று மொழி வாடிக்கையாளர்களும் உண்டு. மூன்று மொழிகளையும் ஒரே பக்கத்தில் வரிக்கு வரி கலப்பதால் எவர்க்கும் படிக்க எளிதாக இராது. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம் அமைத்து, மேலே மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்தல் சிறந்தது. பெயர்ப்பலகையில் இடம் குறைவு. ஒரு மொழி பெரிதானால் மற்றொன்று சிறிதாகும். அகப்பக்கத்தில் இந்த நெருக்கடி இல்லை. மலாய்ப் பக்கம் முழுமையாக இருப்பதால் தமிழ்ப் பக்கம் குறைய வேண்டியதில்லை.

4. சொற்களை எழுதுதல்

பணியின் நடுப்பகுதி இதுவே. ஓர் அகப்பக்கத்தில் பெரும்பாலும் காணப்படும் வாக்கியம் இத்தகையது: “தரமான சேவையை வாடிக்கையாளர்களுக்கு வழங்குவதில் எங்கள் நிறுவனம் பெருமை கொள்கிறது.” இவ்வாக்கியத்தைப் பூக்கடைக்கும் பொருத்தலாம், வாகனப் பட்டறைக்கும் பொருத்தலாம். குறிப்பேட்டில் எழுதிய வினாக்களுள் ஒன்றுக்கும் இது விடை தரவில்லை.

இதனோடு பின்வரும் பகுதியை ஒப்பிடுவோம்: “மணமாலை, ஓர் இணை. சிவப்பு ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டப்படும். நீளம் இரண்டு முழம், ஏறத்தாழ 90 செண்டிமீட்டர். மணநாளுக்கு மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். விலையில் பாதி முன்பணம். அதிகாலை 5 மணி முதல் கடையில் பெற்றுக்கொள்ளலாம்.” இதில் புகழ்ச்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் வாங்குபவரின் வினாக்களுள் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. இதனுடன் விலையையும் ரிங்கிட்டில் எழுதிவிட்டால் பகுதி நிறைவுபெறும். விலையை மறைத்து “தொடர்புகொள்க” என்று மட்டும் எழுதும் கடையைவிட, விலையைச் சொல்லும் கடையை வாடிக்கையாளர் நம்புவர்.

முழம் என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். பூ வாங்குவோர் வாயில் இன்றும் வழங்கும் அளவுச்சொல் அது. ஆனால் இளையோர் பலர்க்கும் பிற இனத்தவர்க்கும் அதன் அளவு தெரியாது. சொல்லையும் வைத்து, அதன் மெட்ரிக் அளவையும் உடன் தரும்போது, வணிகமும் நடக்கிறது, சொல்லும் வாழ்கிறது. சரம், கதம்பம், முழம், முன்பணம் முதலிய சொற்கள் பாடநூலில் அரிதாகவே வரும். அவை வாழும் இடம் கடை. கடை இணையத்துக்குப் போகும்போது இச்சொற்களை உடன் கொண்டு செல்லாவிட்டால், அடுத்த தலைமுறை அவற்றைக் கேட்க வாய்ப்பு குறையும். நமக்கு உண்மையில் இழப்பு நேரக்கூடிய இடம் இதுதான். இலக்கியம், வழிபாடு, பள்ளி ஆகியவற்றில் மட்டும் வழங்கும் மொழி மதிக்கப்படலாம். கொடுக்கல் வாங்கலிலும் வழங்கும் மொழிக்கே அன்றாடத் தேவை இருக்கும்.

கருவி மொழிபெயர்ப்பைக் கொண்டு தமிழ்ப் பக்கத்தை நொடியில் பெறலாமே என்று கேட்கலாம். முகப்பைக் குறிக்கும் ‘ஹோம்’ என்பதற்கு ‘வீடு’ என்றும், கொண்டு சேர்த்தலைக் குறிக்கும் ‘டெலிவரி’ என்பதற்குப் ‘பிரசவம்’ என்றும் வந்து நிற்கும் பக்கங்கள் நகைப்புக்கு உரியவை ஆயின. இக்கருவிகள் இன்று மேம்பட்டுள்ளன என்பது உண்மையே. எனினும் இந்தக் கடையில் எந்த மாலையை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது அவற்றுக்குத் தெரியாது. கருவி தந்ததை வரைவாகக் கொள்ளலாம். கடைக்காரரும் தமிழறிந்தவரும் அமர்ந்து திருத்தாமல் வெளியிடுதல் கூடாது. அதுபோலவே, எவரும் வழங்காத புதுச்சொல்லை விலைப்பட்டியலில் புகுத்துவதும் பொருந்தாது. ‘முன்பதிவு’ எல்லார்க்கும் விளங்கும்; தயக்கமின்றி அதை எழுதலாம்.

5. தேடுவோர்க்கு அகப்படும் எழுத்து

எழுதிய தமிழ் எழுத்தாகவே இருக்க வேண்டும். படமாக இருத்தல் கூடாது. அழகிய எழுத்துருவில் விலைப்பட்டியலை வரைந்து, அதைப் படமாக ஏற்றுவது நம் வணிகரிடையே பெருவழக்கு. கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் வெறும் படம். அதைப் படியெடுத்து உறவினர்க்கு அனுப்ப இயலாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் அதை ஒழுங்காகப் படித்துக் காட்டாது. படம் தேவையெனில், அதில் உள்ளதைக் கூறும் மாற்றுரையை உடன் எழுத வேண்டும்.

இலக்கண அறிவு இங்குப் பெரிதும் பயன்படும். தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்று உருமாறுவது. மாலை, மாலையை, மாலைக்கு, மாலைகளின் என வரும் வடிவங்கள் அனைத்தையும் தேடுபொறி ஒன்றாகக் கொள்ளும் என்று நம்பியிருக்க இயலாது. தேடுபவர் பெரும்பாலும் எழுவாய் வடிவத்தையே தட்டச்சு செய்வார். ஆகவே தலைப்புகளில் ‘மணமாலை’, ‘மல்லிகைச் சரம்’ என உருபு ஏலாத வடிவம் இடம்பெற வேண்டும். உரைப்பகுதியில் இயல்பான நடையில் எழுதலாம்.

எழுத்துப்பிழை தாளில் ஒரு குறை. இணையத்தில் அது கடையையே மறைத்துவிடக்கூடும். ‘கௌரி’ என்பதில் வருவது ஔகாரக் குறி. அதற்கு மாறாகக் ‘கெ’ என்பதையும் ‘ள’ என்பதையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அது வேறு சொல். ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் கடைப்பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ என்னும் எழுத்து சேர்க்கப்பட்ட பின், அவ்வடிவத்தை ‘ஸ’ கொண்டும் ‘ஶ’ கொண்டும் உருவாக்க முடிகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே; குறிமுறையில் இரண்டும் வேறு. பக்கம் முழுவதிலும் ஒரே முறையைப் பின்பற்றி, கடைப்பெயரைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து தேடிச் சரிபார்த்தல் நன்று.

தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து தேடுவோரும் பலர் உளர். குறிப்பேட்டில் அத்தகைய செய்திகள் எந்த எழுத்துக்கூட்டலில் வந்தன என்பதைப் பார்த்து, ஆங்கிலப் பக்கத்தின் உரையில் அதையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

6. பெயரும் கட்டுமானமும்

அகப்பக்கத்துக்கு முகவரி வேண்டும். மலேசியக் குறியான ‘டாட் மை’ முகவரிகளை நிருவகிப்பது மைநிக் நிறுவனம். ‘டாட் காம் டாட் மை’ என முடிவது பதிவுபெற்ற வணிகங்களுக்கு உரியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டு முகவரிகளைப் பெற்றுள்ளன. மலேசியா தன் மரபெழுத்தாகிய ஜாவியில் அத்தகைய முகவரியைப் பெற்றுள்ளது. எனவே ‘டாட் மை’ முகவரியை நாடும் நம் வணிகர், கடைப்பெயரை உரோமன் எழுத்தில் எழுத வேண்டியவராகிறார்.

இங்கும் மொழிச்சிக்கல் ஒன்று உண்டு. ழகரத்தை உரோமன் எழுத்தில் ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறு வகையாகவும் எழுதுவர். நெடிலுக்கு ஒருவர் உயிரெழுத்தை இரட்டிப்பார், மற்றொருவர் இரட்டிக்கமாட்டார். ‘பூ’ என்பதை இரட்டித்து எழுதினால் ஆங்கிலத்தில் விரும்பத்தகாத பொருள் வந்துவிடும். வணிகப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலையே முகவரிக்கும் கொள்வது குழப்பத்தைக் குறைக்கும். தேர்ந்தெடுத்த முகவரியைத் தொலைபேசியில் ஒருவர்க்குச் சொல்லி எழுதச் செய்து பார்க்கலாம். அவர் பிழையின்றி எழுதினால் அது நல்ல முகவரி.

உட்பக்கங்களின் முகவரியில் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தலாமா என்பதற்கும் விடை கூறுவோம். பயன்படுத்தலாம், ஆனால் பலவிடங்களில் அதைப் படியெடுத்து அனுப்பும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரியும். ‘மாலை’ என்னும் சிறு சொல் 36 குறிகளாகும். புலனத்தில் அது பொருளற்ற நெடுந்தொடராய்த் தோன்றி, பெறுபவர்க்கு ஐயத்தை உண்டாக்கும். முகவரி குறுகிய உரோமன் எழுத்திலும், தலைப்பும் உரையும் முழுத் தமிழிலும் இருத்தல் நடைமுறைக்கு ஏற்றது.

முகவரியும் வழங்கிக் கணக்கும் கடை உரிமையாளரின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். கட்டித் தருபவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், பின்னர் அவரைக் காண முடியாதபோது முகவரியைப் புதுப்பிக்க வழியின்றிப் போகும். கடவுச்சொற்களையும் புதுப்பிக்க வேண்டிய நாளையும் கடையின் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

கட்டும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். 2003 முதல் வழங்கிவரும் வேர்ட்பிரஸ் முதலிய அமைப்புகள் குறிமுறை எழுதத் தெரியாதோர்க்கும் பக்கங்களை ஆக்கித் தருகின்றன. தமிழ்ப் பக்கத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறிப்பிடுதல் இன்றியமையாதது. திரைபடிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். வாடிக்கையாளர் தரும் விவரம் இடைவழியில் பிறரால் படிக்கப்படாதிருக்க, மறையாக்க இணைப்பு வேண்டும். அதற்குரிய சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு 2015 முதல் கட்டணமின்றி வழங்கி வருகிறது. படங்களின் அளவைக் குறைத்து ஏற்ற வேண்டும். இல்லையெனில் பக்கம் திறக்குமுன்பே வாடிக்கையாளர் வேறிடம் சென்றுவிடுவார்.

தமிழுக்கே உரிய ஒரு குறிப்பும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வரைந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது வெட்டுப்படும். வரிகள் நெருங்கியிருந்தால் ‘கீ’, ‘கூ’ போன்றவற்றின் மேற்குறியும் கீழ்க்குறியும் ஒன்றோடொன்று உரசும். ஆதலால் பக்கத்தை ஆங்கிலத்தில் வடிவமைத்துக் கடைசியில் தமிழைத் திணிக்காமல், தொடக்கத்திலேயே தமிழை இட்டுச் சோதிக்க வேண்டும்.

7. சட்டமும் நம்பிக்கையும்

மின்வணிகத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. அதனால் சட்டம் சில விவரங்களைக் கட்டாயமாக்குகிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2012இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிமுறைகள் எட்டு விவரங்களைக் கேட்டன: நடத்துபவரின் அல்லது நிறுவனத்தின் பெயர், பதிவெண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், போக்குவரத்துச் செலவும் வரியும் உட்பட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேர ஆகும் காலம். விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவதால், பக்கத்தை வெளியிடுமுன் நடைமுறையில் உள்ளவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எனினும் ஒன்றைக் கவனிக்கலாம். இந்த எட்டும் குறிப்பேட்டில் வாடிக்கையாளர் கேட்ட வினாக்களேயன்றி வேறல்ல.

வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகியவற்றைத் திரட்டும் கடை, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அச்சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. எதற்காகத் தரவு திரட்டப்படுகிறது என்னும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. தமிழில் இருக்க வேண்டும் என்று எச்சட்டமும் நம் வணிகரைக் கட்டாயப்படுத்தவில்லை. அகப்பக்கத்தில் தமிழ் இடம்பெறுவது முழுக்க நம் விருப்பத்தைப் பொறுத்தது. தமிழை மட்டுமே நன்கு படிக்கத் தெரிந்த மூத்தோர், தாம் கொடுத்த முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதைத் தம் மொழியில் படித்தறிய வேண்டாவா?

ஜொகூர் வணிகர்க்கு நீரிணையின் மறுகரையிலும் வாடிக்கையாளர் உண்டு. 1924இல் பாலம் திறக்கப்பட்ட காலந்தொட்டு மக்கள் கடந்து வருகின்றனர். 2023 முதல் மலேசியாவின் டூயிட்நாவ் விரைவுக் குறியீடும் சிங்கப்பூரின் முறையும் இணைக்கப்பட்டுள்ளன. இந்த வசதி கடையில் இருந்தால் ஒரே வரியில் அதைத் தெரிவிக்கலாம். கடை வெளியூர்க்குப் பொருள் அனுப்பாதெனில் அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும்.

8. பேணுதல்

அகப்பக்கம் திறந்த நாளோடு வேலை முடிவதில்லை. ஜொகூரின் வார விடுமுறை 2014 முதல் வெள்ளி, சனி ஆகிய நாள்களாக இருந்து, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. பழைய விடுமுறை நாளைத் திருத்தாமல் விட்ட பக்கத்தை நம்பி வருபவர் பூட்டிய கதவைக் காண்பார். பொருள் சேவை வரி 2015 ஏப்ரலில் வந்து, 2018இல் நீங்கி, அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரி மீண்டபோதும் விலைக் குறிப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை விலை, நேரம், எண் ஆகிய மூன்றையும் படித்துப் பார்த்தல் வழக்கமாக வேண்டும். மூன்று மொழிப் பக்கங்களையும் ஒரே நாளில் திருத்த வேண்டும். மலாய்ப் பக்கத்தில் புதிய விலையும் தமிழ்ப் பக்கத்தில் பழைய விலையும் இருந்தால், தமிழ்ப் பக்கத்தை நம்பியவரே ஏமாறுவார். அடுத்த முறை அவர் அதைத் திறக்கமாட்டார்.

9. வகுப்பறையில் செய்யத்தக்கது

இடைநிலைப் பள்ளி மாணவர்க்கு இதனை ஒரு மொழிப்பயிற்சியாக அளிக்கலாம், கணினிக்கூடம் தேவையில்லை. நால்வர் கொண்ட குழு, பெற்றோர் அல்லது அண்டை வீட்டார் நடத்தும் கடை ஒன்றை அவர்தம் இசைவோடு தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரம் வினாக்களைத் தொகுத்து, ஐந்து தாள்களில் ஐந்து பக்கங்களை எழுதட்டும். பின்னர் அத்தாள்களை மற்றொரு குழுவிடம் தந்து, “மணமாலைக்கு முன்பணம் எவ்வளவு?” என்பது போன்ற வினாக்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் விடை தேடச் சொல்லலாம். விடை கிடைக்காத இடமே திருத்த வேண்டிய இடம்.

இப்பயிற்சியில் மாணவர் சுருங்கச் சொல்லல், தலைப்பிடல், வகைப்படுத்தல், வலிமிகும் இடமறிதல், அலகு மாற்றல் ஆகிய பலவற்றையும் ஒருசேரப் பழகுவர். அதனினும் மேலாக, தாம் எழுதிய தமிழை ஒருவர் பயன்படுத்துவதைக் காண்பர். தேர்வுத்தாளில் எழுதிய கட்டுரையைப் படிப்பவர் திருத்துநர் ஒருவரே. கடைக்கு எழுதியதைப் படிப்பவரோ நாளை மாலை வாங்க வருபவர்.

முடிவுரை

முதல் தலைமுறை நமக்கு எழுத்துருவைத் தந்தது, குறிமுறையைத் தந்தது. முகவரி பெறுவதும் பக்கம் கட்டுவதும் இன்று எளியவர்க்கும் இயலும் வேலைகளாகிவிட்டன. எஞ்சியிருப்பது எழுதும் வேலை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியைச் சூழ்ந்தும் சில கடைகள் உண்டு. ஒவ்வொரு கடையிலும் நாள்தோறும் தமிழில் கேட்கப்படும் வினாக்கள் உண்டு. அவற்றைத் தொகுத்து விடை எழுதித் தருவதற்கு ஆசிரியரும் மாணவரும் முன்வந்தால், கடைக்காரர்க்கு நல்ல அகப்பக்கம் கிடைக்கும். தமிழுக்கு வணிகத்தில் தன் இடம் கிடைக்கும். இப்பணியைத் தொடங்க ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.